சீத்தா மரத்தில் பூ கொட்டுகிறது, பிஞ்சு நிற்கவில்லை: பிரஷ் வைத்து மகரந்தம் சேர்ப்பது எப்படி?

வைகைக்கரை (மதுரை) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் ஒரு சீத்தா மரம் நிற்கிறது. விதை விழுந்து தானாக முளைத்தது, ஒட்டுக்கன்று இல்லை. ஆள் உயரத்தைத் தாண்டி நன்றாகக் கிளை விட்டு வளர்ந்திருக்கிறது, நோய் நொடி ஒன்றும் இல்லை. பங்குனியில் துளிர் விட்டதும் பூக்க ஆரம்பித்து, சித்திரை முழுக்கக் கொம்புக்குக் கொம்பு பூ. ஆனால் காலையில் பெருக்கப் போனால் தரையெல்லாம் அந்தப் பச்சை இதழ்கள்தான் கிடக்கின்றன, பிஞ்சு என்று ஒன்றுகூட நிற்கவில்லை. போன வருஷமும் இதே கதைதான். தப்பிப் பிழைத்து வந்த நாலைந்து காயும் ஒரு பக்கம் உருண்டு, மறுபக்கம் அமுங்கிக் கோணலாக இருந்தன.

பக்கத்து வீட்டுப் பெரியவர் "இது ஆண் மரம்ப்பா, வெட்டிப் போட்டுட்டு வேற வை" என்கிறார். அம்மாவுக்கு வெட்ட மனசில்லை. யூடியூபில் ஒருவர் பிரஷ்ஷை எடுத்துப் பூவுக்குள் விட்டு இரண்டு சுற்று சுற்றிவிட்டு, அடுத்த காட்சியில் கை நிறையப் பழம் காட்டுகிறார். நடுவில் என்ன செய்தார், எந்தப் பூவில் செய்தார், எத்தனை மணிக்குச் செய்தார், ஒன்றும் சொல்லவில்லை. பூவைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே எது ஆண், எது பெண் என்று எனக்குப் புரியவில்லை. அப்புறம் இன்னொரு சந்தேகம், பக்கத்தில் நிற்கும் முருங்கையில் தேனீ மொய்க்கிறது, சீத்தா பக்கம் ஒன்றுகூட எட்டிப் பார்ப்பதில்லை. அது ஏன்?

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


செவக்காட்டான் (அருப்புக்கோட்டை பக்கம்) எழுதியது:

தம்பி, முதலில் அந்தக் கோடரியை உள்ளே வையுங்கள். சீத்தாவில் ஆண் மரம், பெண் மரம் என்று கிடையாது, அது பப்பாளி, பனை சமாச்சாரம். சீத்தாவில் ஒவ்வொரு பூவிலும் இரண்டும் இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில். ஒரே பூவில் இரண்டும் இருந்தாலும் இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருப்பதில்லை. முதலில் பெண் பாகம் தயாராகும், அது ஓய்ந்த பிறகுதான் ஆண் பாகம் மகரந்தத்தைக் கொட்டும். அதனால் ஒரு பூ தன்னைத்தானே சேர்த்துக்கொள்வது ரொம்ப அபூர்வம். நேற்று மலர்ந்த பூவின் தூளை இன்று மலரப் போகும் பூவுக்கு யாராவது சுமந்து போக வேண்டும். அந்த யாராவது தேனீ இல்லை. அந்த மூன்று தடித்த இதழும் பெண் பாகம் தயாராக இருக்கும் நேரத்தில் லேசாகத்தான் விலகியிருக்கும், தேனீ நுழைய இடமில்லை, நுழைந்தாலும் அதற்கு உள்ளே பெரிய விருந்து ஒன்றும் கிடையாது. எள்ளளவு இருக்கும் பழுப்பு வண்டு ஒன்று உண்டு, அழுகின பழத்தில் மேயும் ஜாதி, அதுதான் அந்த இடுக்குக்குள் புகுந்து போகும். பூவில் பழவாசனை மாதிரி ஒன்று வருகிறதே, அது அந்த வண்டைக் கூப்பிடத்தான்.

சரி, பூவைப் பார்க்கும் விதம். மொட்டு மூன்று பட்டையாக, கெட்டியாக மூடியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். இதழ் நுனி லேசாக விலகி, உள்ளே நகம் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தால் அது பெண் நிலை. ஒரு இதழை மெதுவாக ஒடித்து உள்ளே பாருங்கள். நடுவில் ஒரு சின்னக் கூம்பு இருக்கும், அதன் மேல் பனி பட்ட மாதிரி ஈரப் பளபளப்பு இருக்கும், அதுதான் தூளை ஏற்கும் சூல்முடிகள். கூம்பைச் சுற்றி அடியில் வெள்ளையாக நெருக்கி அடுக்கியிருப்பவை மகரந்தப் பைகள், அவை அப்போது இறுக்கமாக இருக்கும், தொட்டால் ஒன்றும் உதிராது. ஆண் நிலைக்கு வந்த பூ வேறு மாதிரி இருக்கும். இதழ் மூன்றும் நன்றாக விரிந்து தொங்கும், அந்த வெள்ளை அடுக்கு மங்கிப் பழுப்பேறித் தளர்ந்திருக்கும், விரலில் தட்டினால் மாவு மாதிரி கொட்டும், நடுக் கூம்பில் பளபளப்பு போய் வறண்டிருக்கும். அந்த நிலைக்கு வந்த பூவில் நீங்கள் என்ன தடவினாலும் பயனில்லை, அதிலிருந்து தூள் எடுக்க மட்டும்தான் முடியும். வீடியோவில் பெரும்பாலோர் நன்றாக விரிந்த பூவில்தான் பிரஷ்ஷை விடுகிறார்கள், கேமராவுக்கு அதுதான் தெளிவாகத் தெரியும் போல.

நேரம். எங்கள் பக்கம் விடியற்காலையில் மகரந்தம் உதிரத் தொடங்கிவிடும். நீங்கள் வெளிச்சம் வந்ததும் போனால் விரிந்த பூக்கள் தயாராக இருக்கும். ஒரு சின்ன டப்பாவை அடியில் பிடித்துக்கொண்டு பூவைத் தட்டுங்கள், அந்தப் பழுப்புத் துணுக்குகளும் தூளும் சேர்ந்து விழும், அப்படியே இருக்கட்டும், சலிக்க வேண்டியதில்லை. இன்னொரு வழியும் உண்டு, எனக்கு இதுதான் வசதி. முந்தின நாள் சாயங்காலம், இன்று இரவு விரியப் போகும் பூக்களாகப் பார்த்துப் பறித்து, காகித உறையில் அல்லது மூடாத டப்பாவில் போட்டு வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். காலையில் அவை தாமாக விரிந்து தூளைக் கொட்டியிருக்கும். பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி வைத்தால் வியர்த்து எல்லாம் களியாகிவிடும், அது வேண்டாம்.

பிறகு பிரஷ். பள்ளிக்கூடப் பிள்ளைகள் படம் போடும் மெல்லிய பிரஷ் போதும், 2 அல்லது 3ஆம் நம்பர். தூளில் தோய்த்து, பெண் நிலையில் உள்ள பூவின் ஒரு இதழை விலக்கி, அந்தக் கூம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் படும்படி தடவ வேண்டும். எல்லாப் பக்கமும் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கோணல் காய்க்குக் காரணம் அதுதான். சீத்தாப்பழம் ஒரே காய் மாதிரி தெரிந்தாலும் அது பல சின்னச் சூலகங்கள் ஒட்டிக்கொண்டு வளர்ந்தது. வெளியே தெரியும் ஒவ்வொரு கண்ணும் ஒரு சூலகம். எதற்கு மகரந்தம் கிடைத்ததோ அதில் விதை பிடித்து அந்தக் கண் பருக்கும், கிடைக்காத பக்கம் அமுங்கிவிடும். காயைப் பார்த்தே வண்டு எந்தப் பக்கம் போய்த் திரும்பியது என்று சொல்லிவிடலாம்.

எல்லாப் பூவுக்கும் செய்யாதீர்கள். நுனிக் குச்சியில் தொங்கும் பூவை விட்டுவிட்டு, தடித்த கொம்பில், அடிமரத்துக்குக் கிட்டே உள்ளதைத் தேர்ந்தெடுங்கள், அதுதான் காயின் கனத்தைத் தாங்கும். ஒரே மரம்தான் இருக்கிறது என்று யோசிக்கவும் வேண்டாம், அதே மரத்துத் தூள் அதே மரத்துப் பூவுக்குச் சேரும்.


மலைச்சாரல் (திருவண்ணாமலை) எழுதியது:

செவக்காட்டார் சொன்ன பூ விவரத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எடுத்த எடுப்பில் பிரஷ்ஷைக் கையில் கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஜவ்வாது மலையில் வந்து பாருங்கள், பாறை இடுக்கிலும் ஓடைக் கரையிலும் சீத்தா தானாக நிற்கிறது, சீசனில் மலைக்காரர்கள் கூடை கூடையாகக் கீழே இறக்கிச் சாலையோரம் விற்கிறார்கள். அங்கே யார் போய்ப் பூவுக்குப் பூ தடவினார்கள்? 

உங்கள் கொல்லையில் அந்த வண்டு ஏன் இல்லை என்று முதலில் கேளுங்கள். கிணற்றடி என்கிறீர்கள், தினமும் பெருக்குகிறேன் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சுற்றிச் சிமென்ட் தளம் வேறு இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வண்டு வாழ்வதும் பெருகுவதும் சருகிலும் அழுகின பழத்திலும்தான். விழுந்த இலையைக் குப்பையில் போடாமல் மரத்தடியிலேயே மூடாக்காகப் போடுங்கள். பூ நேரத்தில் கனிந்து போன வாழைப்பழம், அன்னாசித் தோல், பப்பாளித் துண்டு எதையாவது கொம்பில் ஒரு கொட்டாங்கச்சியில் கட்டித் தொங்கவிடுங்கள், அல்லது சருகின் மேல் வையுங்கள். வாசனைக்கு வண்டு வரும். இது என் கைச்சரக்கு இல்லை, இஸ்ரேலில் 1980களிலேயே இந்த வண்டுகள்தான் சீத்தா வகைகளில் சேர்க்கையை நடத்துகின்றன என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பூ நேரத்தில் பூச்சி மருந்து அடிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள், வேப்பெண்ணெய்க் கரைசல்கூட அந்த நேரத்தில் வேண்டாம் என்பேன்.


வைகைக்கரை எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. சிமென்ட் தளம் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்களோ! மூன்று பக்கம் தளம்தான். நாளையிலிருந்து பெருக்குவதை அம்மாவிடம் சொல்லி நிறுத்துகிறேன், அதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி.

பழம் தொங்கவிட்டால் எறும்பும் ஈயும் வந்து சேராதா? அப்புறம், எனக்குக் காலை ஷிப்ட், விடிவதற்குள் கிளம்பிவிடுவேன். சாயங்காலம் செய்தால் ஆகாதா? வெயிலும் இங்கே சாதாரணமாக இல்லை, கத்திரி தொடங்கிவிட்டது.


மாடிவீட்டுக் கமலா (சென்னை) எழுதியது:

தம்பி, வெயிலைப் பற்றி நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் சொன்னதுதான் முக்கியமான விஷயம் என்று நினைக்கிறேன். நான் மொட்டை மாடியில் பெரிய டிரம்மில் என்எம்கே கோல்டன் வைத்திருக்கிறேன், சோலாப்பூர் பக்கம் பார்சியில் ஒரு விவசாயி தேர்ந்தெடுத்த ரகம், ஒட்டுக்கன்று. எனக்கும் கோடையில் பூ முழுக்க வீண்தான், பிரஷ் போட்டாலும் வீண்தான். சூல்முடியின் ஈரம் காய்ந்துவிட்டால் தூள் ஒட்டாது, ஒட்டினாலும் முளைக்காது. மொட்டை மாடியில் சித்திரை வெயிலும் காற்றும் சேர்ந்து அடிக்கும்போது அந்தக் கூம்பு விரிகிற அன்றே வறண்டுவிடுகிறது. காற்றில் ஈரப்பதம் நல்லபடியாக இருந்தால்தான் சீத்தா பிடிக்கும். அதனால்தான் கோடை மழை ஒன்று விழுந்து நாலு நாள் மேகமாக இருந்தால் பிஞ்சு திடீரென்று நிற்க ஆரம்பிக்கிறது. மலைச்சாரல் ஐயா சொன்ன ஜவ்வாது மலையிலும் பாதி வேலையை அந்த ஈரக் காற்று செய்கிறது, வண்டு மீதிப் பாதி.

நான் செய்வது இவ்வளவுதான். பூ நேரத்தில் தண்ணீரைத் தவற விடுவதில்லை, தொட்டிச் செடி என்பதால் எனக்குத் தினமும். சாயங்காலம் வெயில் இறங்கியதும் மரத்தைச் சுற்றித் தரையையும், பக்கத்தில் உள்ள வாழை, சேம்பு எல்லாவற்றையும் தண்ணீர் தெளித்து நனைத்துவிடுவேன். பூவின் மேல் நேராகப் பீய்ச்சக் கூடாது. மேற்குப் பக்கம் பச்சை நிழல்வலை ஒன்று கட்டிவிட்டேன். இதற்குப் பிறகுதான் பிரஷ் வேலை செய்யத் தொடங்கியது. 

சாயங்காலம் செய்யலாமா என்றால், செய்யலாம், ஆனால் விளைச்சல் குறைவாகத்தான் இருக்கும். காலையில் கிளம்பும் முன் தூளை மட்டும் தட்டி எடுத்து, சின்ன டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் (ஃப்ரீசரில் இல்லை, கீழே) வைத்துவிட்டுப் போங்கள். வந்து, மறுநாளைக்குள் விரியக்கூடிய பூவாகப் பார்த்துத் தடவுங்கள். தூளின் வீரியம் மணிக்கு மணி குறையும், மறுநாள் வரை இழுக்கலாம், அதற்கு மேல் நம்ப வேண்டாம். இல்லாவிட்டால் அம்மாவிடமே பிரஷ்ஷைக் கொடுத்துவிடுங்களேன், கோலம் போடுகிற கைக்கு இது ஒரு வேலையா?


செவக்காட்டான் எழுதியது:

கமலாக்கா சொன்னதுதான் சரி. எங்கள் மானாவாரிக் காட்டிலும் மழைக்கு முந்தின பூவை நாங்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. தம்பி, கத்திரி முடியும் வரை பூ எது பெண், எது ஆண் என்று கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள், உதிரப் போகும் பூதானே, பிரித்துப் பிரித்துப் பாருங்கள். ஒரு மழை விழுந்ததும் பிரஷ்ஷை எடுங்கள். சீத்தா ஒரே மூச்சில் பூத்து முடிப்பதில்லை, ஆனி, ஆடி வரைக்கும் விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கும்.

எறும்பைப் பற்றிக் கேட்டீர்கள். பழத்தை மரத்தில் கட்டினால் எறும்பு வரத்தான் செய்யும், மரத்துக்கு நேர் கீழே இல்லாமல் ஓரடி தள்ளி, சருகுக்கு மேல் வையுங்கள். அந்த வண்டு காயைத் துளைக்காது, பயப்பட வேண்டாம். ஏற்கெனவே வெடித்த, அழுகிய பழத்துக்குள்தான் போகும்.

மலைச்சாரல் அண்ணாச்சி, உங்கள் கட்சியிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் காட்டில் நூறு பூவுக்கு விரல் விட்டு எண்ணும் காய்தான் நிற்கிறது, மரங்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் நமக்குக் கூடை நிறைகிறது. கொல்லையில் ஒற்றை மரம் வைத்திருப்பவனுக்கு அந்தக் கணக்கு கட்டுப்படியாகுமா?


மலைச்சாரல் எழுதியது:

கட்டுப்படி என்று பேசினால் கடையில் வாங்குவதுதான் கட்டுப்படி! சரி, சரி, ஒற்றை மரத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். பிரஷ் போட்ட காய் உருண்டையாகவும் பெரிசாகவும் வரும், விதையும் நிறைய இருக்கும். கண்ணுக்கு ஒரு விதை என்று துப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.


ஹோம்ஸ்டெட்_தமிழன் (புளோரிடா) எழுதியது:

இந்தத் திரியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மயாமிக்குத் தெற்கே இருக்கிறேன், இங்கே ஊரிலிருந்து வந்தவர்கள் வீட்டில் கருவேப்பிலைக்கு அடுத்தபடி சீத்தாதான். இங்கே காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை, ஆனாலும் கையால் சேர்ப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். சீத்தாவையும் மலைச்சீத்தாவான செரிமோயாவையும் கலந்து உண்டாக்கிய அட்டிமோயா என்ற கலப்பினம் இங்கே பிரபலம், அந்தக் கலப்பை 1908இல் மயாமியில்தான் முதலில் செய்தார்கள். அதில் பல ரகங்கள் தானாகச் சரியாகக் காய்க்காது. ஜெஃப்னர் என்ற ரகம் மட்டும் ஆள் உதவி இல்லாமல் ஓரளவு பிடிக்கும், அதனால்தான் வீட்டுத் தோட்டத்தில் எல்லோரும் அதை வைக்கிறார்கள். மற்ற ரகங்களுக்கு நாட்டுச் சீத்தாவின் தூளை எடுத்துப் போட்டால் நன்றாகப் பிடிக்கிறது.

பிரஷ் என்றால் ஏதோ வீட்டு விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். ஸ்பெயினில் கிரனாடா கடலோரத்தில் செரிமோயா தோட்டங்களில் ஆள் வைத்தே பூவுக்குப் பூ தூள் போடுகிறார்கள். தைவானில் தைத்துங் பக்கம் அட்டிமோயாவுக்கும் அப்படித்தான், அங்கே கவாத்து செய்து பூக்கும் காலத்தையே தள்ளிவைத்து, குளிர்காலத்தில் பழம் எடுக்கிறார்கள். நம் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்க்கா சஹன் இருக்கிறதே, அதிலும் அட்டிமோயா ரத்தம் உண்டு. அதை வைத்திருப்பவர்கள் பக்கத்தில் ஒரு நாட்டுச் சீத்தாவும் வைத்துக்கொள்வது நல்லது, தூளுக்கு ஆகும்.

ஒரு சின்னக் குறிப்பு: தட்டையான பிரஷ் வேண்டாம், நுனி உருண்டையாகக் குவியும் பிரஷ்தான் கூம்பைச் சுற்றி வர வசதி. பெண்கள் கண்ணுக்கு மை தீட்டும் சின்ன பிரஷ் கிடைத்தால் இன்னும் நல்லது. வீட்டில் கேட்டு எடுங்கள்.


மாடிவீட்டுக் கமலா எழுதியது:

கவாத்து பற்றி வந்ததால் சொல்கிறேன். வைகைக்கரைத் தம்பி, விதை மரம் என்பதால் உயரமாகப் போய்விடும், அப்புறம் ஏணி போட்டுத்தான் பூவைத் தொட வேண்டியிருக்கும். தை, மாசியில் இலை உதிர்ந்து மரம் மொட்டையாக நிற்கும்போது தலையைக் குறைத்துவிடுங்கள், கைக்கு எட்டும் உயரத்தில் பக்கக் கிளை விடும். சீத்தாவில் ஒரு விசேஷம், அடுத்த துளிருக்கான மொட்டு இலைக் காம்பின் அடிக்குள்ளேயே ஒளிந்திருக்கும். இலை விழுந்தால்தான் அந்தக் கண் வெளியே வந்து துளிர்க்கும், துளிரோடுதான் பூவும். அதனால் முற்றின கொம்பில் சில இலைகளை மட்டும் கையால் உருவிவிட்டு, நுனியைக் கிள்ளினால், நமக்கு வேண்டிய நேரத்தில் அந்த இடத்தில் பூ எடுக்கலாம். கோடைப் பூ வீணாகிறது என்று அழுவதை விட, மழைக்குக் கொஞ்சம் முன்னால் இப்படிச் செய்து பூவை மழையோடு சேர்த்துவிடுவது நல்ல தந்திரம். மரம் முழுக்க உருவிவிடாதீர்கள், பாவம், அதற்கும் சோறு வேண்டும்.


பச்சைமிளகாய் (கோவை) எழுதியது:

திரிக்குள் நுழைந்து குழப்புவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் முள்சீத்தா, மா, பலா, டிராகன் எல்லாம் இருக்கின்றன. இந்தப் பிரஷ் வைத்தியம் எதற்கெல்லாம் ஆகும்?


செவக்காட்டான் எழுதியது:

முள்சீத்தாவுக்கு ஆகும். பூ பெரிசு, நிலைகள் இதே மாதிரிதான், இன்னும் சுலபம். ராம்சீத்தாவுக்கும் அதே. மாவில் கை வைக்காதீர்கள், ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும், ஈயும் பூச்சியும் பார்த்துக்கொள்ளும், அதில் பெரும்பாலும் உதிர்வதுதான் இயற்கை. பலாவில் ஆண் பூங்கொத்து தனி, பெண் தனி, ஒரே மரத்தில் வரும், அதற்கும் நம் உதவி தேவையில்லை. ஆண் கொத்து கறுத்து விழுவதைப் பார்த்துவிட்டுப் பிஞ்சு உதிர்கிறது என்று பதறுபவர்கள்தான் அதிகம்.

டிராகன் வேறு கதை. அது இரவில் மலர்ந்து, விடிந்து வெயில் ஏறுவதற்குள் வாடிவிடும். சில ரகங்கள் தன் தூளைத் தானே ஏற்கும், சில ஏற்காது, அதற்கு வேறு ரகத்தின் தூள் வேண்டும். இரவு சாப்பாடு முடிந்து டார்ச்சோடு போய்த் தடவிவிட்டு வந்து படுத்தால் முடிந்தது.


முற்றத்து வேம்பு (யாழ்ப்பாணம்) எழுதியது:

எங்கட பக்கம் அன்னமுன்னா என்றுதான் சொல்லுவோம். செம்மண் வளவு, வேலியோரம் எல்லா வீட்டிலும் நிற்கும், பெரிதாகப் பராமரிப்பு இல்லை. கிணற்றுத் தண்ணீர் வாழைக்கு ஓடும் வாய்க்கால் பக்கத்தில் நிற்கும் மரம் எப்போதும் கூடக் காய்க்கும், அந்த ஈரம்தான் காரணம் என்று இதை வாசித்தபிறகு விளங்குகிறது.

தம்பிக்குக் காய் பிடித்த பிறகு வரும் தொல்லையைச் சொல்லி வைக்கிறேன். அணிலும் வௌவாலும் உங்களுக்கு முன்னமே நாள் குறித்து வைத்திருக்கும். காய் ஓரளவு பருத்ததும் வலைப்பையோ பழைய துணிப்பையோ கட்டிவிடுங்கோ. மரத்தில் பழுக்க விடவும் கூடாது, வெடித்துவிடும், அதுவும் நல்ல மழை ஒன்று பெய்தால் கட்டாயம் வெடிக்கும். கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவில் உள்ள பள்ளம் பச்சை மாறி வெளிர் மஞ்சளாக அகன்று வரும்போது காம்போடு வெட்டி எடுத்து, அரிசிப் பெட்டிக்குள் அல்லது வைக்கோலுக்குள் வையுங்கோ, இரண்டு மூன்று நாளில் பழுத்துவிடும். பூ பிடித்ததிலிருந்து மூன்றரை, நான்கு மாதம் கணக்கு வையுங்கோ.


வைகைக்கரை எழுதியது:

கொஞ்ச நாள் கழித்து வருகிறேன். இங்கே இரண்டு நல்ல மழை கிடைத்தது. அம்மாதான் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார், காலையில் காபி போடுவதற்கு முன் ஒரு சுற்று. என்னை விட அவருக்கு அந்த ஈரப் பளபளப்பு சட்டென்று தெரிகிறது. தடவிய பூவுக்கு அடையாளமாகக் காம்பில் நூல் கட்டியிருக்கிறார். நூல் கட்டியதில் பல இடங்களில் இதழ் உதிர்ந்த பிறகும் பச்சையாக ஒரு பொத்தான் அளவு நிற்கிறது, காம்பும் காயவில்லை. கட்டாத கொம்புகளிலும் இரண்டொன்று தானாக நிற்கிறது, அது மூடாக்கின் வேலையா, மழையின் வேலையா தெரியாது, மலைச்சாரல் ஐயா கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் தினமும் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார், ஒன்றும் சொல்வதில்லை.

இப்போது புதுப் பிரச்சினை. அந்தப் பிஞ்சுகளில் சிலவற்றின் காம்படியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறது, கறுப்பு எறும்பு வரிசையாக ஏறி இறங்குகிறது. கிள்ளி எறிந்துவிடட்டுமா? ஒரே இடத்தில் மூன்று பிஞ்சு ஒட்டி நிற்கிறது, அதையும் விட்டு வைக்கலாமா?


செவக்காட்டான் எழுதியது:

அது மாவுப்பூச்சி. பிஞ்சைக் கிள்ள வேண்டாம். முதலில் எறும்பின் வழியை அடையுங்கள், எறும்புதான் அதைக் கொம்பு கொம்பாகச் சுமந்து போய் வைத்துக் காவல் காக்கிறது. அடிமரத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி இறுக்கிக் கட்டி, அதன் மேல் கிரீஸ் தடவுங்கள், பட்டையில் நேராகத் தடவக் கூடாது. சுவரையோ கம்பியையோ தொடும் கிளை இருந்தால் அதை வெட்டுங்கள், இல்லாவிட்டால் அந்த வழியாக ஏறும். பிறகு, பஞ்சு இருக்கிற இடத்தைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துவிடுங்கள். பரவியிருந்தால் மட்டும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய அரை மூடி காதி சோப்புக் கரைசல், சாயங்காலம் அடியுங்கள். பூ நிற்கும் கொம்பில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றில் நல்ல உருண்டையாக இருப்பதை ஒன்று மட்டும் விடுங்கள். ஒட்டி நின்றால் இடுக்கில் மறுபடி மாவுப்பூச்சி குடியேறும், காயும் சிறுத்துவிடும். அம்மாவைக் கேட்காமல் எடுக்காதீர்கள், நூல் கட்டியவர் அவர்தான்.


மாடிவீட்டுக் கமலா எழுதியது:

அந்த மூன்றில் எடுக்கிற இரண்டையும் எடுப்பதற்கு இன்னும் பத்து நாள் பொறுங்கள் தம்பி. இந்த அளவில் தானாகவே ஒன்றிரண்டு உதிரும். இப்போதே கழித்துவிட்டு, மிச்சம் வைத்ததும் விழுந்துவிட்டால் அம்மாவுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.